கன்னத்தில் வைத்துப் பார்த்த கல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாமே என்பாய். போனில் நீ ம் கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. கடிதத்தில் ம் கொட்ட முடியாது பார், நாலு வரியாவது எழுதித்தான் தீரவேண்டும். ஆறு வருஷமாக ஊர்ப் பக்கம் வராத ஆளுக்கு இந்தத் தண்டனைகூட இல்லையென்றால் எப்படி?

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். பஸ் டிப்போவில் அதே பாஸ் கவுண்டர், அதே வரிசை, அதே சண்டை. நம் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கிறார்கள். மனு கொடுத்துக் கொடுத்து என் கை தேய்ந்த பிறகு இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

அதற்காகப் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கினேன். பழைய போர்வைக்குள் சுற்றி ஒரு பிஸ்கட் டின். தூக்கினால் கை இறங்குகிறது. உள்ளே மூன்று கல். சாம்பல் நிறம், உலக்கையைத் துண்டு போட்டது மாதிரி உருளையாக, அங்கங்கே வெள்ளைப் புள்ளி. சுரங்கத்தில் உன் அண்ணன் டிரில் போட்டுப் பாறைக்குள்ளிருந்து எடுத்த கோர்தான். ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் ஆழம் என்று கறுப்பு மையில் எழுதியிருக்கிறார். ஏழு போட்டால் குறுக்கே ஒரு கோடு இழுப்பாரே, அந்தக் கோடு. அதைப் பார்த்ததும் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவர் பதறிப்போய், "என்னம்மா, தலை சுத்துதா?" என்றார். "இல்லப்பா, எங்க வீட்டுக்காரர் எழுத்து" என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். புரிந்த மனிதர்.

எண்ணுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலில் ஒரு டிக் இருக்கிறது, மூன்றிலும். அது அவர் போட்டதில்லை. அது என்ன என்றும் சொல்.

தம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கம் உடைந்ததை விசாரித்த கமிட்டி எழுதிய வரி எனக்கு மனப்பாடம். "வெந்நீர் உடைத்துக்கொண்டு வருவதற்குப் பல நாள் முன்பே கோர் சூடாக வந்திருக்க வேண்டும். டிரில்லர் அதை யாரிடமும் தெரிவிக்கவில்லை. மூவர் சாவுக்கும் அவருடைய அஜாக்கிரதையே காரணம்." ஒன்பது வருஷமாக அந்த வரிக்குள்தான் குடியிருக்கிறேன். அவரோடு போன வால்வுக்காரரின் மனைவி மாடியில்தான் இருக்கிறாள். படியில் நான் ஏறினால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பாள். ஒரு வார்த்தை திட்டினாலும் பரவாயில்லை. திட்டுவதில்லை.

நான்கூட அந்த வரியை நம்பினேன். இவ்வளவு அலட்சியமாக இருந்துவிட்டாரே என்று செத்தவரோடு தினமும் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது இந்த டின். அலட்சியமான ஆள் கல்லைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றுவாரா?

நீ கல் படித்தவன். இன்று கல்லையே வேலையாக வைத்திருக்கிறாய். மூன்றையும் பார்சலில் அனுப்புகிறேன். அந்த வரி மெய்யா பொய்யா என்று கல்லிடம் கேட்டுச் சொல். அடைத்த சுரங்கத்திலிருந்து கசியும் வெந்நீர் இன்னும் நம் வீட்டுப் பின்னால் கால்வாயில்தான் ஓடுகிறது. விடிகாலையில் அதன் ஆவி ஜன்னலில் வந்து படிகிறது. யாரோ வெளியே நின்று மூச்சு விட்ட மாதிரி. நான் திறப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். பார்சல் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. லேப்பில் வேலை அதிகம், அதனால் தாமதம்.

மூன்றும் சேற்றுக்கல். பழைய கடலின் அடியில் மாவு போன்ற சேறு படிந்து, இறுகிக் கல்லானது. வெள்ளைப் புள்ளிகள் கால்சைட். சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிப்பி உடைந்து சேற்றோடு படிந்ததாக இருக்கலாம். அப்படித்தான் பல இடங்களில் காணப்படுகிறது. இதிலிருந்து சூடு பற்றியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

நீல டிக் கோர் ஷெட்டில் யாராவது போட்டதாக இருக்கலாம். அங்கே பல கைகள் புழங்கும்.

உள்ளே பார்க்கவேண்டுமானால் கல்லை வெட்ட வேண்டும். வெட்டினால் மேலே உள்ள எழுத்து போய்விடும். அண்ணன் எழுத்து உங்களுக்கு முக்கியம். அப்படியே திருப்பி அனுப்பிவிடட்டுமா? நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

தங்கள் அன்புள்ள தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் டிப்போ சுற்றறிக்கையே இதைவிடப் பாசமாக இருக்கும். எத்தனை "லாம்" போட்டிருக்கிறாய், எண்ணிப் பார்த்தாயா? பதினெட்டு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ் தொலைந்துபோய் "இருக்கலாம்" என்று ஒருவன் இழுத்தாலே அவன் அதை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் இது வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். உனக்குச் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட் வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கப் போய், "நான் கல்லை எடுப்பேன், எங்க தம்பி அது என்ன கல்லுன்னு சொல்வான்" என்று தண்டோரா போட்டார். கேட்டவர்கள் ஓடி ஒளியும் அளவுக்கு.

கல்லை வெட்டு. எழுத்து போனால் போகட்டும். எழுத்தைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். கோர் வெளியே வந்ததும் உன் அண்ணன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். எல்லா டிரில்லரும் கையால்தான் தொட்டுப் பார்ப்பார்கள், இவர் மட்டும் கன்னம். "கை காய்ச்சுப் போச்சு, அதுக்குச் சூடு குளிர் தெரியாது. கன்னம் பொய் சொல்லாது" என்பார். வீட்டுக்கு வரும்போது இடது கன்னத்தில் எப்போதும் சேறு. "மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வாங்க" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

அந்தக் கடைசி வாரம் கன்னம் சிவந்திருந்தது. சாப்பிடும்போது சொன்னார், "ரெண்டு நாளா கல்லு சூடா வருது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தச் சோறும் சூடாத்தான் இருக்கு, பேசாம சாப்பிடுங்க." அவ்வளவுதான். யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் கமிட்டி முன்னால் போய் நின்றிருப்பேன். கேட்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

அதனால் அலட்டிக்கொள்ளாதே என்று எனக்கு எழுதாதே. வெட்டிப் பார்த்து எழுது.

உன் அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

வெட்டினேன். நான் முன்பு எழுதியது தவறு. அது சிப்பி இல்லை.

கல்லைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்ப்போம். அப்போது அது காகிதத்தைவிட மெலிதாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சேறு மாவாகத் தெரிகிறது. மாவுக்கு நடுவே கால்சைட் மணிகள். அவற்றின்மேல் எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சி, அறையை இருட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சிப்பிச் சுண்ணாம்பு என்றால் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். இவை எரிந்தன. ஆரஞ்சு நிறத்தில், வளையத்துக்குள் வளையமாக. ஐந்து வளையங்கள் எண்ணினேன்.

ஒவ்வொரு வளையமும் ஒரு முறை வந்துபோன வெந்நீர். பூமிக்குள்ளிருந்து ஏறி வந்த நீர், அதில் கரைந்திருந்ததைக் கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. முதல் வளையம் மனிதன் பிறப்பதற்குப் பல கோடி வருஷம் முந்தியது. சேற்றுக்கல் இறுக்கமானது, நீரை எளிதில் விடாது. அதனால் விரிசல் வழியாகத்தான் வர முடியும், வந்த சுவடும் அழியாது. ஒவ்வொரு முறையும் கால்சைட் வளர்ந்து விரிசலை அடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மறுபடி விண்டிருக்கிறது. கடைசி முறை அடைபடவில்லை, அண்ணி. படிகங்களின் முனை நாய்ப் பல் போலக் கூராக நிற்கிறது, நடுவே வெற்றிடம். வழி திறந்தே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். கால்சைட் வளரும்போது அந்த வெந்நீரில் ஒரு துளி உள்ளே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத துளி. ஆறும்போது அது சுருங்கி, உள்ளே ஒரு குமிழி உண்டாகும். அந்தக் குமிழி நடுங்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் தொடவில்லை, மேஜை அசையவில்லை, ஆனாலும் நிற்பதில்லை. இத்தனை கோடி வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கும். கல்லை மெல்லச் சூடாக்கினால் நூற்று நாற்பது டிகிரியில் குமிழி காணாமல் போகிறது. அந்த நீர் அன்று குறைந்தது அவ்வளவு சூடாக இருந்தது என்று அர்த்தம். ஆறவிட்டால் எங்கிருந்தோ சட்டென்று திரும்ப வந்து, மறுபடி நடுங்குகிறது. இரண்டு முறை அளந்தால் போதும். நான் இருபது முறைக்கு மேல் அளந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "வீட்டுக்குப் போறதா உத்தேசம் இல்லையா?" என்று கேட்கிறார்.

அண்ணன் கன்னம் பொய் சொல்லவில்லை. அது வெந்நீர் வழி. கோர் சூடாகத்தான் வந்திருக்கும். இதைக் கல்லே சொல்கிறது.

தங்கள் தம்பி


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை உன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது தடவை ஏதோ இடித்தது. நாலாவது தடவை என்னவென்று தெரிந்தது. கல் சூடாக வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதை அவர் யாரிடமாவது சொன்னாரா என்பது பற்றி ஒரு சொல் இல்லை. நீல டிக்கைப் பற்றியும் இல்லை.

கோர் ஷெட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்தாரே, இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிவார், எல்லோரும் சாவி என்றே கூப்பிடுவார்களே, அவர் போன வாரம் சீனியர் பாஸ் புதுப்பிக்க என் கவுண்டருக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். உடனே சொன்னார்.

"நீல டிக்கா? அது ஜியாலஜிஸ்ட் பாத்தாச்சுன்னு அர்த்தம்மா. டிரில்லர் கறுப்புல ஆழம் எழுதணும், ஜியாலஜிஸ்ட் கல்லக் கையில வாங்கிப் பாத்துட்டு நீலத்துல டிக் போடணும். டிக் விழாத கல்லு ஷெட்டுக்குள்ள வராது, டிக் விழுந்த கல்லு வெளிய போகாது. உங்க வீட்டுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

வேண்டாம் என்று யாரோ திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அங்க ஜியாலஜிஸ்ட் ஒருத்தர்தானேம்மா" என்று சொல்லிவிட்டு, பாஸை வாங்காமலே போய்விட்டார்.

தம்பி, கல் மூன்றும் உன்னிடம் இருக்கின்றன. நான் படம் எடுத்து வைக்கவில்லை. எந்த டிக், என்ன டிக் என்று நீ எழுதினால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அதையும் தெரிந்துகொண்டே கேட்கிறேன். உன் அண்ணன் உன்னிடம் சொன்னாரா?

குமிழி நடுங்கியது என்று எழுதினாயே. உன் கை நடுங்கியதா என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கேட்கக்கூடாது என்று ஒரு வாரம் வாயைக் கட்டினேன். வெந்நீர் போகிற வழியெல்லாம் அந்த வெள்ளை படியும் என்கிறாய். நேற்று முதல் தடவையாகக் கால்வாய்க் கரைக்குப் போனேன். கரை நெடுக வெள்ளை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. மூன்று பேரையும் எடுக்க முடியாது என்று இருபது அடிக்குக் கான்கிரீட் போட்டு மூடினார்களே. அந்தப் பக்கம் அந்த நீர்தானே நிற்கிறது? அவர் மேலும் படிந்திருக்குமா?

உன் அண்ணி


ஜூலை 1

தம்பிக்கு,

ஒரு மாதமாகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

இல்லை என்று எழுதுவதானால் அதையாவது எழுது. நம்பிவிட்டுப் போகிறேன். நம்புவதற்கு நான் தயார். வாயடைத்து மட்டும் உட்காராதே. ஏற்கெனவே ஒருத்தர் கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் அப்படி இருக்கிறார்.

அண்ணி


ஜூலை 20

அண்ணிக்கு,

சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

சாப்பாட்டு நேரம். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். துண்டில் சுற்றி மூன்று கல்லையும் கொண்டுவந்தார். தரையில் வைக்கவில்லை, என் மேஜைமேல் வைத்தார். "கன்னத்துல வச்சுப் பாருடா" என்றார். நான் சிரித்தேன். "டிரில் பிட்டு தேயற சூடுண்ணே" என்றேன். அவர், "இருபத்திரண்டு வருஷமா பிட்டு தேயுதுடா. இது வேற சூடு. வெள்ளையா பல்லு பல்லா நிக்குது பாரு, இதுக்கு முன்னாடி இப்படி வந்ததில்ல" என்றார்.

துளைக்கும்போது பிட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். கோர் குளிர்ந்துதான் வரும். இது முதல் வருஷப் பாடம். என் சட்டைப் பையில் லென்ஸ் இருந்தது. எடுத்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும், அண்ணி. எலக்ட்ரான் கதிரும் வேண்டாம், மைக்ராஸ்கோப்பும் வேண்டாம். முனை கூராக நின்று நடுவே வெற்றிடம் இருந்தால் நீர் போகும் வழி என்று யாருக்கும் தெரியும். நான் பார்க்கவில்லை. அன்று மாலைக்குள் நாற்பது கோர் பெட்டிக்குப் பதிவு எழுதி முடிக்கவேண்டும். படிக்காத அண்ணன் எனக்குக் கல்லைப் பற்றிச் சொல்கிறாரே என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்கமாட்டேன். பார்க்காமலே மூன்றிலும் டிக் போட்டேன். பதிவில் "சிப்பித் துணுக்கு, வறண்ட பாறை" என்று எழுதினேன். "இத வச்சு என்ன பண்றது, எடுத்துட்டுப் போண்ணே" என்றேன். அவருக்கு வருத்தம் இல்லை. "நீ சொன்னா சரி" என்று என் தலையைத் தட்டிவிட்டு, துண்டில் சுற்றிக்கொண்டு போனார். நான்காம் நாள் சுரங்கம் உடைந்தது.

கமிட்டியில் கேட்டார்கள்: "டிரில்லர் உங்களிடம் ஏதாவது தெரிவித்தாரா?" நான் இல்லை என்றேன். ஒரே சொல். அப்போது என் மனதில் ஓடியதையும் சொல்கிறேன். செத்துப்போனவரை இனி யார் என்ன செய்துவிட முடியும், எனக்கு இன்னும் முப்பது வருஷ வேலை இருக்கிறதே என்று நினைத்தேன். படியில் நீங்கள் ஏறும்போது ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் மட்டும் மாற்றிச் சொல்லியிருப்பேனா? தெரியாது.

இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. நீங்கள் வெட்டு என்று எழுதியதும், ஏப்ரலில், முதல் கல்லை எடுத்து டிக் இருந்த பக்கத்தை ரம்பத்துக்குக் காட்டினேன். வேண்டுமென்றேதான். நீலம் சேறாகக் கரைந்து போனது. இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும் முன் ஏற்கெனவே வெட்டியதைப் பார்க்கலாம் என்று இருட்டறைக்குப் போனேன். அந்த வளையங்களைப் பார்த்தேன். வெளியே வந்து மூன்றாவது கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். ஒன்பது வருஷம் தாமதம். சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு அதை ரம்பத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. லேப்பில் அது இருக்கும் அலமாரியை நான் திறக்காத நாளிலும் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. துண்டு உதறும் சத்தம் மட்டும் கேட்கிற மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வி. படிந்திருக்கும், அண்ணி. அந்த நீர் தேங்கி ஆறும் இடத்தில் வருஷத்துக்கு நகக் கனம் ஏறும். நீர் இருக்கும் வரை ஏறிக்கொண்டே இருக்கும். அவர் வடிவத்தை அது மூடும், அழிக்காது. கல்லில் எதுவும் தொலைவதில்லை என்பதால்தான் இந்தப் படிப்பையே விரும்பிப் படித்தேன். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மூன்றாவது கல்லையும், என் கையெழுத்தோடு நடந்ததையெல்லாம் எழுதிய வாக்குமூலத்தையும் சுரங்க அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. வேலை போகும், அதற்கு மேலும் வரும். வரட்டும்.

அந்தக் கால்வாய்க் கரைக்கு ஒரு தடவை வரவேண்டும். உங்கள் முன்னால் வந்து நிற்கவேண்டும். நீங்கள் அடித்தாலும் சரி. வரட்டுமா?

தம்பி என்று எழுத உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் கடிதமும் நகலும் கிடைத்தன. பதினைந்து நாள் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே பயம்.

நகலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்தப் படிகளை முழுதாக ஏறியது இதுதான் முதல் தடவை. கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு வழக்கம்போல முகத்தைத் திருப்பப் பார்த்தாள். அவள் வீட்டு வாசலிலேயே அவள் எங்கே திரும்புவாள்? "உங்ககிட்ட ஒண்ணு படிச்சுக் காட்டணும்" என்றேன். நின்றுகொண்டே படித்தேன். நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல். "இத வச்சு என்ன பண்றது, எடுத்துட்டுப் போண்ணே" என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவளே படித்தாள்.

படித்து முடித்துத் தாளை மடித்தாள். பிறகு, "அப்ப, உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு" என்றாள். "சொல்லியிருக்காரு" என்றேன். "எங்க வீட்டுக்காரரும் அன்னைக்கு வீட்ல சொன்னாரு, டிரில்லர் அண்ணன் சொல்றாரு சூடு இருக்குன்னு. நான்தான் கமிட்டிக்காரங்க பொய்யா எழுதுவாங்களான்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் அழவில்லை. டீ போட்டாள், குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை.

அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. விசாரணையை மறுபடி திறக்கிறார்களாம். அந்த வரியை எடுப்பார்களா, எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. எனக்கு அவசரமில்லை. மாடியில் அதை எடுத்தாகிவிட்டது.

நீ எழுதியதற்கு உன்னை மெச்சமாட்டேன். எழுதாமல் இருந்திருக்க முடியும், மூன்றாவது கல்லையும் அறுத்திருக்க முடியும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் மெச்சமாட்டேன். ஒன்பது வருஷம் நான் அவரைத் திட்டியிருக்கிறேன், தம்பி. நாள் தவறாமல் திட்டியிருக்கிறேன். அவர் காதில் அது விழுந்திருந்தால் நான் எங்கே போய் அழுவது? அதை நீ எழுதிய எந்தத் தாளும் திருப்பித் தராது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினோரு வயது. அப்போதே எல்லோரும் சொல்வார்கள், அண்ணனை அப்படியே சின்னதாகச் செய்து வைத்த மாதிரி இருக்கிறான் என்று. போன மாதத்தோடு அவர் போனபோது இருந்த வயது உனக்கும் ஆகிவிட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காதோரம் நரை விழுந்திருக்கும். அவர் நிற்கிற மாதிரிதான் ஒரு காலில் சாய்ந்து நிற்பாய். வாசலில் நீ வந்து நின்றால் நான் பார்க்கப்போவது உன்னை இல்லை. "சாப்பிட்டாயா?" என்றுதான் என் வாயில் முதலில் வரும். அதற்கு அப்புறம் எனக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

அவருக்காகக் கோபப்படுவதற்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். நீ வந்தால் உன்னை மன்னித்துவிடுவேன்.

அதனால் வராதே.

அண்ணி